பிரேக் மிதித்தால் டிரெய்லர் விளக்கு மங்குகிறதா?

கேள்வி: விக்கிரவாண்டி பக்கம் எங்களுக்குச் சொந்தமாக ஒரு டிராக்டரும் டிப்பர் டிரெய்லரும் இருக்கின்றன. இப்போது ஆலைக்குக் கரும்பு ஓடுகிறது. பாதி நடை ராத்திரியில்தான். பொங்கலுக்கு டிரெய்லரைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தோம். அதிலிருந்து பின்விளக்கு பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஹெட்லைட் போட்டால் டிரெய்லரின் சிவப்பு விளக்கு நன்றாகவே எரிகிறது. ஆனால் பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று எரிவதற்குப் பதிலாக மங்கிவிடுகிறது. இரண்டு பக்க இண்டிகேட்டரும் லேசாக எரிகின்றன. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் ஓரிரு நொடி எல்லாம் சரியாகிறது. இது போதாதென்று, வலது பக்கம் ஒடித்துத் திருப்பினால் பார்க்கிங் லைட் ஃப்யூஸ் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் பல்பு அத்தனையும் மாற்றினார், ஃப்யூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி வைத்துவிட்டார். இப்போது ஃப்யூஸ் தொல்லை இல்லை, ஆனால் சில சமயம் கருகின வாடை வருகிறது. மொத்த வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா? மாற்றுவதென்றால் எல்இடி விளக்காகப் போட்டுவிடலாமா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதலில் போய் அந்தச் செம்புக் கம்பியைக் கழற்றிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் மிகைப்படுத்தவில்லை. ஃப்யூஸ் போய்க்கொண்டிருந்தது என்றால் எங்கோ ஒயர் இரும்பில் தொடுகிறது என்று பொருள். ஃப்யூஸ் இருந்தவரை தொட்ட மாத்திரத்தில் கரண்ட் நின்றது. இப்போது நிற்பதற்கு வழியில்லை; ஒயரே ஹீட்டர் கம்பியாகிறது. உங்களுக்கு வருகிற கருகின வாடை அதன் தோல் உருகுகிற வாடைதான். பின்னால் காய்ந்த தோகையோடு கரும்பு, முன்னால் டீசல் டேங்க். புத்தகத்தில் போட்டிருக்கிற ஆம்பியர் எதுவோ அந்த ஃப்யூஸையே போடுங்கள். போட்டதும் மறுபடி போகும், போகட்டும். ஒயர் எங்கே தொடுகிறது என்று கண்டுபிடிக்கிற வழியைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு கோளாறு. இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் உங்கள் மெக்கானிக் வயரிங்கையே மாற்றச் சொல்கிறார். விளக்கு மங்குவது ஒன்று, ஃப்யூஸ் போவது வேறொன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை, ஒரே சமயத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

விளக்கு மங்குவதற்குக் காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்: பெயிண்ட். டிரெய்லரின் எர்த் போயிருக்கிறது. வண்டியைப் பார்க்காமல் சொல்வது தப்புதான், ஆனாலும் பிரேக் மிதித்தால் சிவப்பு மங்குவதும், பள்ளத்தில் சரியாவதும் சேர்ந்து வந்தால் பத்தில் ஒன்பது வண்டிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு எர்த் என்றுதான் சொல்வேன்.

எர்த் போனால் விளக்கு எரியவே கூடாதே, ஹெட்லைட் போட்டால் நன்றாக எரிகிறதே என்று கேட்பீர்கள். அதுதான் இதில் எல்லாரையும் ஏமாற்றுகிற இடம். சிவப்புக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே இருக்கிற பல்பைப் பாருங்கள். ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும்: 5 வாட் இழை பார்க்கிங் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. அடியில் இரண்டு ஈயப் புள்ளி, ஆளுக்கொரு இழை. ஆனால் இரண்டு இழையின் மறுமுனையும் பல்பின் பித்தளை உடம்பில்தான் சேர்கின்றன. அந்த உடம்பு ஹோல்டரைத் தொட்டு, ஹோல்டர் தகட்டைத் தொட்டு, தகடு சேஸியைத் தொட்டு, அங்கிருந்து டிராக்டர் பேட்டரியின் நெகட்டிவுக்குப் போக வேண்டும். கரண்ட் வீடு திரும்புகிற பாதை அது.

அந்தப் பாதை அறுந்தால் கரண்ட் சும்மா இருக்காது, வேறு சந்து தேடும். ஹெட்லைட் போட்டிருக்கும்போது 5 வாட் இழை வழியாக வந்த கரண்ட், எர்த் இல்லாததால் பக்கத்து 21 வாட் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, பிரேக் ஒயரில் எதிர்த்திசையில் ஓடி, டிராக்டரின் பிரேக் பல்பு வழியாக எர்த் ஆகிவிடுகிறது. 21 வாட் இழை தடிமன், தடை குறைவு. அதனால் இவ்வளவு சுற்றி வந்தும் சிவப்பு விளக்கு ஏறக்குறைய முழு வெளிச்சத்தோடு எரியும். நீங்களும் ‘நன்றாகத்தான் எரிகிறது’ என்று எழுதுவீர்கள்.

இப்போது பிரேக்கை மிதியுங்கள். இவ்வளவு நேரம் வெளியேறும் வழியாக இருந்த பிரேக் ஒயரிலேயே 12 வோல்ட் எதிரே வருகிறது. இரண்டு பக்கமிருந்தும் தள்ளினால் நடுவில் இருப்பவனுக்குப் போக்கிடம் ஏது? மிச்சம் இருக்கிற ஒரே சந்து இண்டிகேட்டர் பல்புகள். அவற்றுக்குள் புகுந்து டிராக்டரின் இண்டிகேட்டர் வழியாக வெளியேறுகிறது. அதனால்தான் சிவப்பு மங்கி, மஞ்சள் லேசாக எரிகிறது. ஹெட்லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் பிரேக் மிதித்துப் பாருங்கள், டிராக்டரின் மீட்டர் போர்டு விளக்குகூட லேசாக மினுங்கலாம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

பள்ளத்தில் ஏன் சரியாகிறது? டிரெய்லரின் ஹூக்கும் பின்னும் இரும்பு. குலுங்கும்போது கிரீஸை ஒதுக்கிக்கொண்டு இரும்பும் இரும்பும் ஒரு கணம் நன்றாகத் தொடுகின்றன, எர்த் கிடைக்கிறது. உண்மையில் நிறைய டிரெய்லர்கள் வருடக் கணக்கில் ஹூக் எர்த்தை நம்பியேதான் ஓடுகின்றன, சொந்தக்காரருக்கே தெரியாது. உங்களுடையதும் அப்படி இருந்திருக்கலாம்.

சோதனை ஐந்து நிமிட வேலை. நீளமான ஒயர் ஒன்றை எடுத்து ஒரு முனையை டிராக்டர் பேட்டரி நெகட்டிவில் கட்டுங்கள். மறுமுனையை டிரெய்லரில் பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பிரேக்கை மிதியுங்கள். விளக்கு ஒழுங்காக எரிந்தால் வழக்கு முடிந்தது. சரியாகவில்லை என்றால் அதே முனையைச் சேஸியிலிருந்து எடுத்து விளக்கின் ஹோல்டர் தகட்டிலேயே வையுங்கள். அங்கே வைத்தால் மட்டும் எரிகிறது என்றால் விளக்குக்கும் சேஸிக்கும் நடுவில்தான் பெயிண்ட் புகுந்திருக்கிறது. விளக்கைக் கழற்றாமல் சுற்றிலும் பெயிண்ட் அடித்தார்களா, கழற்றி அடித்துவிட்டு மேலேயே மாட்டினார்களா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோளாறு டிராக்டர் பக்கமா, டிரெய்லர் பக்கமா என்று பிரித்துப் பார்க்க ஒரு டெஸ்ட் லேம்ப் வேண்டும். காசு கொடுத்து வாங்காதீர்கள். மெக்கானிக் கழற்றிப் போட்ட பல்புகளில் முக்கால்வாசி நல்ல பல்பாகத்தான் இருக்கும். ஒரு 21 வாட் பல்பை ஹோல்டரில் போட்டு, இரண்டு ஒயர் இழுத்து, ஒன்றில் முதலைக் கிளிப், இன்னொன்றில் ஓர் ஆணி. மல்டிமீட்டர் இருந்தாலும் இந்த வேலைக்கு நான் லேம்பைத்தான் எடுப்பேன். ஒயருக்குள் முப்பது நூல் இருந்து இருபத்தொன்பது அறுந்திருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று சத்தியம் செய்யும். லேம்ப் ஏறக்குறைய 1¾ ஆம்பியர் கேட்கும், அரைகுறை இணைப்பு அதற்குக் கொடுக்க முடியாமல் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

டிரெய்லர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிராக்டர் சாக்கெட்டை மட்டும் பாருங்கள். அந்த 12 வோல்ட் 7 பின் சாக்கெட்டுக்கு ஐஎஸ்ஓ 1724 என்று ஒரு கணக்கு உண்டு. மூடியைக் கழற்றினால் பின்புறம் நம்பர் பொடியாக அச்சாகியிருக்கும். 1 இடது இண்டிகேட்டர், மஞ்சள் ஒயர். 2 பெரும்பாலும் நம் வண்டிகளில் சும்மா இருக்கும். 3 எர்த், வெள்ளை. 4 வலது இண்டிகேட்டர், பச்சை. 5 வலது பார்க்கிங், பழுப்பு. 6 பிரேக், சிவப்பு. நடுவில் இருக்கிற 7 இடது பார்க்கிங், கறுப்பு. கலரை நம்ப வேண்டாம், கையில் கிடைத்த ஒயரைப் போட்டிருப்பார்கள். நம்பரை மட்டும் பாருங்கள்.

கிளிப்பை டிராக்டர் பாடியில் மாட்டாதீர்கள், 3ஆம் பின்னில் மாட்டுங்கள். இங்கேதான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். பாடியில் மாட்டினால் எல்லாப் பின்னும் எரியும், டிராக்டர் சரி என்று நினைத்துக்கொண்டு டிரெய்லரைப் பிரித்துப் போட்டுவிடுவீர்கள். 3இல் மாட்டினால்தான் அந்த எர்த் உயிரோடு இருக்கிறதா என்பதும் சேர்ந்து தெரியும். பாடியில் எரிந்து 3இல் எரியவில்லை என்றால் கோளாறு டிராக்டர் பக்கம்: சாக்கெட்டுக்குப் பின்னால் அந்த வெள்ளை ஒயர் பச்சை பூத்து அறுந்திருக்கும்.

நம்பர் பற்றிச் சொல்லும்போது ஒரு கதை. ஒருவர் டிராக்டரை ஓட்டிவந்து, இடது இண்டிகேட்டர் போட்டால் ஃப்யூஸ் போகிறது, ஹூக்கில் கிரீஸ் நிறைய வைத்தால் போவதில்லை என்றார். ஹூக்கில் அரைக் கிலோ கிரீஸ் அப்பியிருந்தது. அதை ஒரு வைத்தியம் மாதிரியே பல மாதம் செய்துவந்திருக்கிறார். பிளக்கைத் திறந்தால் டிரெய்லர் எர்த் 1ஆம் பின்னில் இருந்தது. லாரி வயரிங் செய்கிற ஆள் யாரோ செய்த வேலை. 24 வோல்ட் லாரிக் கணக்கில் 1தான் எர்த், இடது இண்டிகேட்டர் 3. டிராக்டரோ 1ஆம் பின்னில் இடது இண்டிகேட்டர் கரண்டை அனுப்புகிறது. அது நேராக டிரெய்லர் சேஸிக்குப் போய், ஹூக் வழியாக டிராக்டருக்குத் திரும்பி ஷார்ட் ஆகியிருக்கிறது. கிரீஸ் கெட்டியாக இருந்த நாளில் தப்பித்திருக்கிறது. இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான் வேலை. அவர் கடைசிவரை கிரீஸைத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

அதனால் உங்கள் டிரெய்லர் பிளக்கையும் திறந்து பார்த்துவிடுங்கள். பல்பிலும் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் லாரிக்காக 24 வோல்ட் பல்பும் பக்கத்து டப்பாவிலேயே இருக்கும். மாற்றிப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு மின்மினி மாதிரி எரிந்துகொண்டிருக்கும், நீங்கள் எர்த்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எர்த்தைச் சரிசெய்வது எப்படி? பெயிண்டைச் சுரண்டி போல்ட்டை முறுக்கினால் இன்றைக்கு எரியும், அடுத்த மழைக்காலத்துக்குத் தாங்காது. நான் செய்வது இது. பிளக்கின் 3ஆம் பின்னிலிருந்து தனியாக ஓர் எர்த் ஒயரை டிரெய்லர் முழுக்க ஓட்டி, ஒவ்வொரு விளக்கின் ஹோல்டருக்கும் நேரடியாகக் கொடுத்துவிடுவேன். சேஸிக்கும் ஓர் இடத்தில் கொடுப்பேன். ஹூக்கை நம்புவதே இல்லை. மற்ற ஒயர்கள் 1 சதுர மில்லிமீட்டர் போதும், எர்த் மட்டும் 2.5. ஏனென்றால் ராத்திரியில் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு பிரேக் மிதித்தால் இரண்டு பார்க்கிங், இரண்டு பிரேக், ஓர் இண்டிகேட்டர் என்று 73 வாட், அதாவது 6 ஆம்பியர், மொத்தமும் அந்த ஒற்றை ஒயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி ஒயரைப் போடாதீர்கள், குலுக்கலில் முறிந்துவிடும். பல நூல் கொண்ட ஆட்டோ ஒயர்தான் வேண்டும்.

சேஸியில் கொடுக்கிற இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி பளபளக்கத் தேயுங்கள். ஒயர் முனையில் லக் (போல்ட் நுழைகிற உலோக வளையம்) வைத்து அழுத்தி, பல் வாஷர் போட்டு, போல்ட்டை இறுக்குங்கள். வாசலின் தடவுவதானால் இறுக்கிய பிறகு மேலே தடவுங்கள். முன்னாடியே தடவிவிட்டு இணைப்பு கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். முடிந்ததும் எல்லா விளக்கையும் எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டர் தகட்டிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கேயோ இன்னும் துருவோ பெயிண்டோ இருக்கிறது. பல்பு அதைப் பெரிதாகவே காட்டும்; 12இல் ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும்.

இனி ஃப்யூஸ். வலது பக்கம் ஒடித்தால் மட்டும் போகிறது என்பதால் தேட வேண்டிய இடம் சின்னதுதான்: சாக்கெட்டிலிருந்து டிரெய்லர் டிராபார் (டிரெய்லரை இழுக்கிற முன் தண்டு) வரை தொங்குகிற கேபிளும், அது டிராபாருக்குள் நுழைகிற ஓட்டையும். அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா? வெறும் இரும்பு விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும். கேபிள் நீளம் போதாமல் இருந்தால் ஒடிக்கும்போது விறைத்து விளிம்பில் அழுந்தும். அதிகமாக இருந்தால் லிங்க் கம்பியிலோ டயரிலோ உரசும். முழுசாக ஒடித்த நிலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தாலே பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். உங்களுடையது டிப்பர் என்பதால், பாடி தூக்கும் கீல் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். இறங்கும்போது அங்கே ஒயர் நசுங்குவது சகஜம்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அந்த டெஸ்ட் லேம்ப்பையே எடுத்து, ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு முனைக்கும் நடுவில் மாட்டிவிடுங்கள். ஹெட்லைட் சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இல்லாதபோது லேம்ப் மங்கலாக எரியும், ஏனென்றால் வண்டியின் பார்க்கிங் பல்புகளும் அதோடு தொடராகச் சேர்ந்திருக்கின்றன. ஒயர் இரும்பைத் தொட்ட கணம் லேம்ப் முழுசாகப் பளிச்சென்று எரியும். ஃப்யூஸும் போகாது, ஒயரும் கருகாது, ஏனென்றால் 21 வாட்டுக்கு மேல் அந்த வழியாகப் போகவே முடியாது. ஒருவர் லேம்ப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கேபிளை ஒரு சாண் ஒரு சாணாக வளைத்து, இழுத்து, அசைத்துக்கொண்டே வரட்டும். எந்த இடத்தில் ‘எரியுது’ என்று சத்தம் வருகிறதோ அங்கே தோலை உரித்துப் பாருங்கள். பத்து ஃப்யூஸ் செலவழித்துத் தேடுவதை இந்த ஒரு பல்பு செய்துவிடும்.

கம்பி வைத்து ஓட்டிய காலத்தில் அந்த ஒயர் சூடாகியிருக்கும் என்பதால், ஃப்யூஸ் பெட்டியிலிருந்து சாக்கெட் வரை கையால் தடவிப் பாருங்கள். தோல் விறைத்து நொறுங்கினாலோ பக்கத்து ஒயரோடு ஒட்டியிருந்தாலோ அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும். மொத்த வயரிங்கும் தேவையில்லை. டிரெய்லர் ஒயர் இடையில் பத்து ஒட்டுப் போட்டு டேப் சுற்றி இருந்தால் மட்டும், எப்படியும் எர்த் ஓட்டப் போகிறோமே என்று, டிரெய்லர் பக்கத்தைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். அது அரை நாள் வேலை. அடுத்த முறை டிரெய்லரில் வெல்டிங் வைக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். கிளாம்ப் டிராக்டரில் இருந்தால் வெல்டிங் கரண்ட் உங்கள் புது எர்த் ஒயர் வழியாகத்தான் ஓடப் பார்க்கும்.

எல்இடி போடலாம், நல்லதுதான். குலுக்கலுக்கு இழை அறுகிற தொல்லை இல்லை. ஆனால் எர்த்தைச் சரிசெய்த பிறகு போடுங்கள். இப்போதே போட்டால் பிரேக் மிதிக்காமலே ஒன்று லேசாக எரியலாம், இன்னொன்று துடிக்கலாம். சாதாரண பல்பு காட்டுகிற அடையாளங்கள்கூட கிடைக்காது. இன்னொன்று, இண்டிகேட்டரையும் எல்இடியாக மாற்றினால் பழைய ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கிற டப்பா), பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு படபடவென்று அடிக்கலாம். எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் கேட்டு வாங்குங்கள். எனக்கென்னவோ பார்க்கிங், பிரேக் இரண்டையும் மட்டும் எல்இடி ஆக்கிவிட்டு, இண்டிகேட்டரைப் பழைய பல்பிலேயே விடுவது நிம்மதி.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இவ்வளவும் செய்து விளக்கு ஜோராக எரிந்தாலும், கரும்பு ஏற்றியதும் கொண்டையும் தோகையும் பின்னால் தொங்கி விளக்கை மூடிவிடும். ஆலை வரிசையில் நிற்கிற டிரெய்லர்களை ராத்திரியில் பின்னாலிருந்து ஒருமுறை பாருங்கள், எத்தனை விளக்கு தெரிகிறது என்று. விளக்கைச் சேஸிக்குள் பதுக்காமல், ஒரு பட்டை அடித்து வெளியே ஓரத்துக்கு, லோடுக்குக் கீழே தெரிகிற மாதிரி கொண்டுவந்துவிடுங்கள். பின்பக்கம் அகலம் முழுக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டுங்கள். எர்த் வேலை முடிகிறவரை ராத்திரி நடையை நிறுத்திவையுங்கள். நிறுத்தவே முடியாத நாளில், சோதனைக்கு எடுத்த அந்த நீள ஒயரையே பேட்டரி நெகட்டிவிலிருந்து டிரெய்லருக்கு இறுக்கக் கட்டிக்கொண்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.